இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாத செல்வி: ஒரு கர்ப்பத்தோட முழு கேஸ்

நான் கிராம சுகாதார செவிலியர். வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவுல ஒரு சப்சென்டர்ல 19 வருஷமா இருக்கேன். இந்தக் கேஸ எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, ஏன்னா இதுல தப்பு பண்ணவங்கள்ல நானும் ஒருத்தி. ஊர் பேரு சொல்லல, பொண்ணு பேர மாத்திருக்கேன், செல்வின்னு வச்சுக்குவோம். அவங்க வீட்டுல கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுங்க சிஸ்டர், இன்னொருத்தி என்னய மாதிரி பேச்சு வாங்க வேணாம்"னு அவளே சொன்னா.

வயசு 22, முதல் கர்ப்பம், கல்யாணம் ஆகி ஒரு வருஷம். கட்டிக்கிட்டது சொந்த அத்தை மகன, அதாவது செல்வியோட மாமியாரும் செல்வியோட அப்பாவும் கூடப்பொறந்த அக்கா தம்பி. மாப்பிள்ளை டிராக்டர் ஓட்டுறாரு, அறுவடை நேரத்துல நெல் மூட்டை ஏத்தி இறக்குவாரு, நல்ல திடமான ஆளு. மே மாசம் மூணாவது வாரம் செல்வி சப்சென்டருக்கு வந்தா, "நாள் தள்ளிப் போயிருக்கு சிஸ்டர், கார்டுல பாத்தோம், ரெண்டு கோடு வந்துடுச்சு"ன்னு. கடைசியா தூரமான தேதி என்னன்னு கேட்டேன், மார்ச் 10ன்னு டக்குன்னு சொன்னா, நானும் அத வச்சு 10 வாரம் ஆச்சு, பிரசவத் தேதி டிசம்பர் 15ன்னு எழுதி, கர்ப்பத்த அரசாங்கக் கணக்குல பதியுற பிக்மி நம்பர் போட்டுட்டேன்.

என்னோட முதல் தப்பு இங்கயே ஆரம்பிச்சுடுச்சு. கடைசித் தேதிய கேட்டேனே ஒழிய எத்தன நாளைக்கு ஒருதடவ வரும்னு கேக்கல.

ரெண்டாவது தப்பு ரத்தப் பரிசோதனைல. ஆரம்ப சுகாதார நிலையத்துல மெஷின்ல ஓட்டி ஒரு சின்ன பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க, பஸ் டிக்கெட்ட விட கொஞ்சம் பெரிசா இருக்கும். அதுல ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு, 7ல இருந்து 9.9 வரைக்கும் நடுத்தரம். என் பேனா அந்த 9.8ஐ சுத்தி ஒரு வட்டம் போட்டுச்சு. அதே சீட்டுல அதுக்குக் கீழ எம்சிவி 63ன்னு இருந்துச்சு, சிவப்பணு எண்ணிக்கை 52 லட்சம்னு இருந்துச்சு. அந்த ரெண்டையும் நான் பாக்கல. எங்க ரிஜிஸ்டர்ல அத எழுதுறதுக்குக் கட்டமும் கெடையாது.

இப்ப தெரியுது அந்த ரெண்டு நம்பருதான் மொத்தக் கதையும்னு. எம்சிவின்னா ஒரு சிவப்பணுவோட சராசரி சைஸ். 80க்கு மேல இருக்கணும், இவளுக்கு 63, ரொம்பப் பொடிசு. இரும்புச்சத்து கொறஞ்சாலும் அணு பொடிசாகும், ஆனா அப்ப சரக்கு இல்லாததால எண்ணிக்கையும் கொறஞ்சு போகும். இவளுக்கு அணு பொடிசு, எண்ணிக்கை மட்டும் கூட. உடம்பு பொடிப்பொடியா நெறைய செஞ்சு தள்ளுது. 52 லட்சத்த பத்து லட்சக் கணக்குல எழுதுனா 5.2, 63ஐ அந்த 5.2ஆல வகுத்தா 12 சொச்சம் வருது. 13க்குக் கீழ வந்தா தலசீமியா, அதாவது பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு, இருக்கான்னு சந்தேகப்படணும், இது ரொம்ப வருஷமா இருக்குற எளிமையான கணக்கு, செல்போன்லயே போட்டுடலாம். அத அன்னைக்கு, மே மாசமே போட்டிருந்தா அடுத்த ரெண்டு மாசம் இவ்வளவு அல்லாட்டம் இருந்திருக்காது.

ஜூன் ரெண்டாவது வாரம் ஸ்கேனுக்கு அனுப்புனேன். என் கணக்குப்படி 13 வாரம். ஸ்கேன் எடுத்த எடத்துல குழந்தையோட நீளம், தலையில இருந்து புட்டம் வரைக்கும் 45 மில்லிமீட்டர், 11 வாரம்தான் இருக்குன்னு போட்டு, "தேதிக்கு ஏத்த வளர்ச்சி இல்ல"ன்னு வாயால வேற சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள அது "புள்ள வளரல"ன்னு ஆயிடுச்சு. ஏற்கனவே ரத்தம் இல்ல, இப்ப புள்ளையும் வளரல. மாமியார் என்கிட்ட வந்து, "ஏம்மா, இவ ஒளிச்சு வச்சு அரிசி திங்கிறா, அதான் ரத்தம் சுண்டிப் போச்சு, ரத்தம் இல்லாம புள்ள எப்படி வளரும்"னு கண்ண கசக்குனாங்க. பாசத்துல சொன்னதுதான், அவங்க தம்பி மகளாச்சே. ஆனா அந்தப் பேச்சு செல்விய எப்படி அறுத்திருக்கும்னு பாருங்க.

அன்னைக்குத்தான் செல்விய தனியா உக்கார வச்சு கேட்டேன், உனக்கு மாசாமாசம் சரியா வருமாம்மான்னு. "எனக்கு எப்பவுமே 40 நாளு, 42 நாளு ஆகும் சிஸ்டர், வயசுக்கு வந்ததுல இருந்தே அப்படித்தான்"னா. எனக்கு அப்பதான் உறைச்சுது.

இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பல பேருக்கு 28 நாள் கணக்குதான் தெரியும், கர்ப்பம் ஆகுறது நடுநாள் 14லன்னு மனப்பாடமா வச்சிருப்பாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் சினைப்பைல சில முட்டைப்பைகள் வளர ஆரம்பிக்கும், மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புற ஹார்மோன்தான் அதுகள வளத்து விடுது, அதுல ஒண்ணு முந்திக்கும், மத்ததெல்லாம் சுருங்கிடும். முந்துன அந்தப் பை ஈஸ்ட்ரோஜன சுரக்க சுரக்க கருப்பைக்குள்ள மெத்தை கட்டிக்கிட்டே வரும். ஈஸ்ட்ரோஜன் ஒரு அளவத் தாண்டி நின்னா பிட்யூட்டரில இருந்து எல்ஹெச்ங்கிற ஹார்மோன் மடை திறந்த மாதிரி பாயும், ஒண்ணர நாளைக்குள்ள பை வெடிச்சு முட்டை வெளிய வந்துடும். காலியான பை மஞ்சளா மாறி புரோஜெஸ்டிரோன் சுரக்கும், அது சுமார் 14 நாள் தாக்குப்பிடிக்கும், கரு தங்கலன்னா வாடிடும், மெத்தை கழிஞ்சு வெளிய வரும். இந்தப் பின்பாதி 14 நாளு பெரும்பாலும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். நீளுறதும் குறுகுறதும் முன்பாதிதான். அப்ப 42 நாள் சுத்து இருக்குற பொண்ணுக்கு முட்டை வெளிய வர்றது 14ஆம் நாள் இல்ல, 28ஆம் நாள் வாக்குல. செல்விக்கு மார்ச் 24ல கரு தங்கியிருக்கும்னு நான் கணக்குப் போட்டேன், நெசத்துல தங்குனது ஏப்ரல் முதல் வாரம் முடியுறப்ப. ரெண்டு வாரம் வித்தியாசம். குழந்தை வளராம இல்ல, அது வளரவேண்டிய அளவுக்கு அழகா வளந்திருக்கு, நான்தான் அதுக்கு ரெண்டு வாரம் வயசக் கூட்டி எழுதிட்டேன்.

முதல் மூணு மாசத்துல அந்த நீள அளவ வச்சு சொல்ற வயசு ரொம்ப சரியா இருக்கும், அஞ்சாறு நாள் முன்னப்பின்ன, அவ்வளவுதான். அதனால பிரசவத் தேதிய டிசம்பர் 29ன்னு சிவப்பு மையில திருத்துனேன். மாமியார்கிட்டயும் போய் சொன்னேன், பெரியம்மா, புள்ள நல்லா இருக்கு, தப்பு என் கணக்குலன்னு. இனிமே இந்தக் கதைல நான் சொல்ற வாரமெல்லாம் திருத்துன கணக்கு.

ரத்தம் மட்டும் ஏறவே இல்ல. மூணு மாசம் முடிஞ்சதும் இரும்பு மாத்திரை, அந்த சிவப்பு மாத்திரை, ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிடும் இருக்கும், ரத்தசோகைன்னதால ஒரு நாளைக்கு ரெண்டு. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாயித்துக்கெழமையான்னா ஆட்டு ஈரல், சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல். மாப்பிள்ளை நீடாமங்கலம் போய் சொல்லி வச்சு சுவரொட்டி வாங்கிட்டு வருவாரு. 15ஆவது வாரத்துல, ஜூலை முதல் வாரம் திரும்ப ரத்தம் எடுத்தா 9.0. ஏறலன்னா கூடப் பரவால்ல, எறங்கிருக்கு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா, மாத்திரை அட்டைய எடுத்துட்டு வரச்சொல்லி காலியான குழிய எண்ணுனேன். கணக்கு சரியா இருந்துச்சு. அப்பவும் நம்பாம, "கொல்லைல தூக்கிப் போட்டிடலியே"ன்னு கேட்டேன். அவ தலைய குனிஞ்சுக்கிட்டு மெதுவா சொன்னா, "இல்ல சிஸ்டர், கருப்பாதான் போகுது." இரும்பு மாத்திரை முழுங்குறவங்களுக்கு மலம் கருப்பா போகும், அது நானே எல்லா கர்ப்பிணிக்கும் சொல்லிக் குடுக்குற விஷயம். அந்தப் பொண்ணு வெக்கத்த விட்டு எனக்கு அத்தாட்சி காட்டுனா. அத கேட்டுட்டும் நான் நோட்டுல "மாத்திரை ஒழுங்காக உட்கொள்ள அறிவுறுத்தப்பட்டது"ன்னுதான் எழுதுனேன். அந்த வரி இன்னும் என் ரிஜிஸ்டர்ல இருக்கு, அழிக்கல.

மாத்திரையில ஏறலன்னா அடுத்து இரும்ப ட்ரிப்ஸ்ல ஏத்துறதுதான் வழக்கம், அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க புதுசா வந்திருந்த டாக்டரம்மா பழைய சீட்டையும் புது சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஹீமோகுளோபின பாத்துட்டு அவங்க விரல் கீழ எறங்குச்சு, எம்சிவில நின்னுச்சு, சிவப்பணுல நின்னுச்சு. "சிஸ்டர், ட்ரிப்ஸ் வேணாம், நிறுத்துங்க"ன்னாங்க.

ஹீமோகுளோபின் 9.8ல இருந்து 9.0க்கு எறங்குனதுக்கு அவங்க சொன்ன விளக்கத்த நான் இப்ப எல்லாருக்கும் சொல்றேன். கர்ப்பம் ஆன ஆறாவது ஏழாவது வாரத்துல இருந்தே ரத்தத்துல இருக்குற தண்ணிப் பகுதி, பிளாஸ்மா, கூட ஆரம்பிச்சுடும். கடைசி மூணு மாசத்துல அது 40ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் கூடிடும். சிவப்பணுவும் கூடும், ஆனா 20, 30 சதவீதம்தான். மேட்டூர் தொறந்து ஜூன் கடைசில நம்ம வாய்க்கால்ல தண்ணி வரும்போது பாருங்க, குட்டைல பொரண்டுக்கிட்டு இருந்த மீனெல்லாம் திடீர்னு கம்மியான மாதிரி தெரியும், மீன் எங்கயும் போகல, தண்ணி கூடிடுச்சு. அதே மாதிரி ரத்தம் நீர்த்து நம்பர் எறங்கும், 28, 30 வாரம் வாக்குல ரொம்பக் கீழ இருக்கும். இது நோய் இல்ல, நஞ்சுக்கொடி வழியா நெறைய ரத்தம் ஓடணும், பிரசவத்துல போற ரத்தத்தையும் தாங்கணும், அதுக்கு உடம்பு செய்யுற ஏற்பாடு. இதயம் ஒரு நிமிஷத்துல தள்ளுற ரத்தம் 30ல இருந்து 50 சதவீதம் கூடும், நாடி வேகமாகும், சிறுநீரகம் ஏறக்குறைய ஒண்ணர மடங்கு வடிகட்டும், அதான் அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதுக்கு ஒரு காரணம். புரோஜெஸ்டிரோன் மூச்ச ஆழமா இழுக்க வைக்கும், அதனால சும்மா உக்காந்திருந்தாலே மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். செல்வி "மாடிப்படி ரெண்டு ஏறுனா நெஞ்சு படபடங்குது"ன்னு சொன்னப்ப நான் எல்லாத்தையும் ரத்தசோகை கணக்குலயே எழுதிட்டேன், பாதி அவ வயித்துல இருந்த உயிருக்காக உடம்பு பாத்த வேலை.

ஆனா நீர்த்துப் போறதால அணுவோட சைஸ் பொடிசாகாது. 63ங்கிறது கர்ப்பத்தால வந்தது இல்ல, அவ பொறந்ததுல இருந்தே அப்படி.

அன்னைக்கு டாக்டரம்மா செஞ்ச ஒரு காரியத்த நான் மறக்கமாட்டேன். 0.36 சதவீதம் உப்புக் கரைசல் தயார் பண்ணி ரெண்டு கண்ணாடிக் குழாய்ல ஊத்துனாங்க, ஒண்ணுல என் ரத்தம் ஒரு சொட்டு, இன்னொண்ணுல செல்வி ரத்தம் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் விட்டுட்டு ஒரு வெள்ளத்தாள்ல பேனாவால கருப்பா கோடு போட்டு குழாய்க்குப் பின்னாடி புடிச்சாங்க. என் குழாய் ரோஸ் கலர் சர்பத் மாதிரி தெளிவா இருந்துச்சு, கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. செல்வி குழாய் கலங்கி நின்னுச்சு, கோடு தெரியவே இல்ல. சாதாரண அணு அந்த உப்புத்தண்ணில ஊறி வெடிச்சுடும், இவளோட அணு பொடிசா தட்டையா இருக்குறதால வெடிக்காம மெதக்குது. இரும்புக் குறைபாட்டுலயும் சில நேரம் இப்படிக் கலங்கும், அதனால இதோட விட முடியாது. ஆனா இந்தச் சோதனைக்கு ஆகுற செலவு ரொம்ப சொற்பம், எந்த ஊர்லயும் செய்யலாம்.

உறுதிப்படுத்த, ஹீமோகுளோபின வகை வகையா பிரிச்சுக் காட்டுற ஹெச்பிஎல்சி டெஸ்டும், உடம்புல சேமிச்சிருக்குற இரும்ப காட்டுற பெரிட்டினும் தஞ்சாவூருக்கு அனுப்புனோம். பெரிட்டின் 41, இரும்பு போதுமான அளவு இருக்கு. ஹீமோகுளோபின்ல ஒரு வகையான ஏ2 5.4 சதவீதம். 3.5க்கு மேல போகக்கூடாது. பீட்டா தலசீமியா கேரியர்.

நம்ம ஹீமோகுளோபின்ல ஆல்பா சங்கிலி ரெண்டு, பீட்டா சங்கிலி ரெண்டு. பீட்டாவுக்கான ஜீன் 11ஆவது குரோமோசோம்ல இருக்கு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பிரதி. ஒரு பிரதி மட்டும் பழுதா இருந்தா அவங்கதான் கேரியர், அணு பொடிசா இருக்கும், லேசா ரத்தம் கம்மியா காட்டும், அவ்வளவுதான், ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது. ரெண்டும் பழுதா ஒரு குழந்தைக்கு வந்துட்டா தலசீமியா மேஜர். அந்தக் குழந்தைக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒருதடவ ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும், ஏத்துற ஒவ்வொரு பாட்டில்லயும் 200, 250 மில்லிகிராம் இரும்பு உள்ள போயி இதயத்துலயும் ஈரல்லயும் படியும், அத வெளியேத்த தினமும் மருந்து. முழுசா குணமாக ஒத்துப்போற ஆளுகிட்ட இருந்து எலும்பு மஜ்ஜை மாத்தணும். இதுல கொடுமை என்னன்னா வயித்துக்குள்ள இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. கருவுல குழந்தை பீட்டாவுக்குப் பதிலா காமான்னு வேற சங்கிலிய வச்சு ஹீமோகுளோபின் செய்யுது, பொறந்து ஆறு மாசத்துக்கு மேல அது கொறஞ்சு பீட்டா வரவேண்டிய நேரத்துலதான் வெளுக்க ஆரம்பிக்கும். ஸ்கேன்ல கை கால் இதயம் எல்லாம் அழகா தெரியும், எல்லாரும் சந்தோஷமா இருப்போம்.

அதனால அடுத்த கேள்வி மாப்பிள்ளை. அவர கூப்பிட்டப்ப முதல்ல மொகம் மாறிடுச்சு, "எனக்கென்ன நர்ஸம்மா கொறச்சல், 70 கிலோ மூட்டைய தூக்குறேன்"ன்னாரு. கேரியர்னா நோயாளி இல்லப்பா, செல்வியும் நோயாளி இல்லன்னு உக்கார வச்சு சொன்னோம். அவரு கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "அப்ப அவ மாத்திரைய ஒழுங்காதான் போட்டுருக்காளா?" ஆமான்னேன். கைய நீட்டிட்டாரு. அவருக்கு ஏ2 5.1.

அன்னைக்கு சாயந்திரம் வீட்டுத் திண்ணைல உக்காந்து குடும்பப் படம் வரைஞ்சோம். மேல அப்பாயி, 78 வயசு. அவங்களுக்கு மூணு பிள்ளைங்க, மூத்தது செல்வியோட மாமியார், அடுத்தது செல்வியோட அப்பா, கடைசி சித்தப்பா. மாமியாருக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பையன்தான் செல்வியோட வீட்டுக்காரர். பொண்ண, அந்த மதினிய, கட்டிக் குடுத்தது சொந்தத் தாய்மாமனுக்கு, அதாவது செல்வியோட சித்தப்பாவுக்கு. நான் பென்சில்ல கோடு இழுத்துக்கிட்டே வரேன், மாமியார் தானா பேச ஆரம்பிச்சாங்க. "என் மூத்தவளுக்கு மொதல்ல ஒரு ஆம்பளப்புள்ள பொறந்து மூணு வயசுல போயிடுச்சும்மா. வெள்ளவெளேர்னு இருப்பான். வயிறு மட்டும் பானையாட்டம் உப்பிக்கும். மாந்தம்னாங்க, கட்டின்னாங்க, கொலதெய்வத்துக்கு செய்யாம விட்டதுன்னாங்க." 12 வருஷம் முன்னாடி. அந்த வீட்டுல யாருக்கும் அதுக்கப்புறம் ரத்தம் டெஸ்ட் பண்ணல. நான் அப்பவும் இதே சப்சென்டர்லதான் இருந்தேன்.

பெரிய டாக்டர் யாரும் இல்லாம அந்தத் திண்ணைலயே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா ரத்தம் குடுத்தாங்க. மாமியார் கேரியர், செல்வியோட அப்பா கேரியர், சித்தப்பா, மதினி, கடைசியா அப்பாயி. அப்பாயி முடிவ கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, "என் ரத்தத்துல இருந்தா போச்சு?"ன்னாங்க. நான் அவங்க கைய புடிச்சுக்கிட்டு, உங்களுக்கும் உங்க அம்மா அப்பா யார்கிட்ட இருந்தோ வந்துதான் இருக்கும் ஆயா, யாரும் வேணும்னு குடுக்குறது இல்லன்னேன். பொம்பளப்புள்ளைக்கு சினைப்பைல இருக்குற முட்டையெல்லாம் அவ அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாயிடுது, பொறக்கும்போது பத்து இருபது லட்சம், வயசுக்கு வரும்போது மூணு நாலு லட்சம், அதுல வாழ்நாள் முழுக்க வெளிய வர்றது 400 சொச்சம்தான். அப்பாயி தன் மூத்த மகள வயித்துல சுமந்தப்பவே அந்த மகளுக்குள்ள செல்வி வீட்டுக்காரர் உருவான முட்டையும் இருந்திருக்கு. அந்த ஆயா ஒரே வயித்துல பேரன் வரைக்கும் சுமந்தவங்க. அத சொன்னப்பதான் அவங்க மொகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

சொந்தத்துல கட்டுனதாலதான் இந்த நோய் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல பேச ஆரம்பிச்சாங்க, அதுவும் பாதி உண்மைதான். சொந்தம் பழுத உண்டாக்குறது இல்ல. இந்தியால மொத்தமா பாத்தா நூறு பேர்ல மூணு நாலு பேரு பீட்டா தலசீமியா கேரியர். அசல்ல கட்டுனாலும் ரெண்டு கேரியர் சேரலாம். ஆனா கேரியரா இருக்குற ஒருத்தரோட அத்தை மகனோ மாமன் மகனோ அதே பழுத வச்சிருக்க எட்டுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, தாய்மாமன்னா நாலுல ஒரு பங்கு. ஒரே விதைநெல்ல ரெண்டு வீட்டுலயும் பிரிச்சு வச்சிருந்தா, அதுல கலந்த களை ரெண்டு வீட்டு வயல்லயும்தானே மொளைக்கும்.

மாமியார் கேட்ட கேள்விய நெறைய பேரு கேப்பாங்க, அதனால எழுதுறேன். "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னா, மூத்தவ வீட்டுல ஒண்ணு போயிடுச்சே, கணக்கு தீந்துடுச்சுல்ல?" இல்ல பெரியம்மா, அது ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதுசா போடுற கணக்கு. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு ரெண்டும் பழுதா வரலாம், நாலுல ரெண்டு பங்கு இவங்கள மாதிரி கேரியரா வரலாம், நாலுல ஒரு பங்கு சுத்தமா எதுவும் இல்லாம வரலாம். போன தடவ வந்தது இந்தத் தடவைக்குத் தெரியாது.

குழந்தைக்கு என்ன இருக்குன்னு பாக்க ரெண்டு வழி. 11ல இருந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடில இருந்து துளி எடுத்துப் பாக்கலாம், அந்த நேரத்த நாங்க தாண்டி வந்துட்டோம், மே மாசம் அந்த சீட்ட படிச்சிருந்தா அதுக்கு நேரம் இருந்துச்சு. அடுத்தது பனிக்குடத் தண்ணி, 16 வாரத்துக்கு மேல. அதுக்கு முன்னாடி அம்மா அப்பாவுக்கு ஜீன்ல எந்த எழுத்து மாறியிருக்குன்னு தெரியணும். சென்னைக்கு ரத்தம் போச்சு, ஒன்பது நாள்ல பதில் வந்துச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே மாற்றம், ஐவிஎஸ் 1-5ன்னு பேரு, இந்தியால ரொம்பப் பரவலா இருக்குறது.

தண்ணி எடுக்குறது ஜூலை 29, 18 வாரம் 1 நாள். ஒப்புதல் படிவத்துல கையெழுத்து போடும்போது ஆணா பொண்ணான்னு சொல்லமாட்டோம், 1994 சட்டப்படி அது குத்தம்னு படிச்சுக் காட்டுனாங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மெல்லிசு ஊசி, ரெண்டு மூணு நிமிஷந்தான். கரு கலையுற ஆபத்து நூத்துல ஒண்ணுக்கும் கம்மின்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஊசி உள்ள போறப்ப செல்வி என் முந்தானைய ஒரு கைல சுருட்டிப் புடிச்சுக்கிட்டா, அந்த மடிப்பு சாயந்திரம் வரைக்கும் போகல.

முடிவு வர 12 நாள் ஆச்சு. நடுவுல ஆடிப்பெருக்கு வந்துச்சு. குடமுருட்டில தண்ணி கரை முட்டப் போகுது, படித்துறைல கூட்டம், காவிரித்தாய் மசக்கையா இருக்கான்னு சித்ரான்னம், காதோலை கருகமணி எல்லாம் வச்சுப் படைக்குறாங்க. செல்வியும் வந்திருந்தா. என்னப் பாத்துட்டு பக்கத்துல வந்து, "மாமாகிட்ட பேசிட்டேன் சிஸ்டர், ரிப்போர்ட் வந்த பிறகு யோசிப்போம், அதுவரைக்கும் யாரும் எதுவும் முடிவு பண்ண வேணாம்னு சொல்லிட்டாரு"ன்னா. நான் எதையும் சொல்லல. இத முடிவு பண்றது அவங்க ரெண்டு பேரோட உரிமை, நான் கருக்கலைப்புச் சட்டத்த மட்டும்தான் விளக்கியிருந்தேன். 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும், குழந்தைக்குக் கடுமையான குறை இருந்தா 24 வாரம் வரைக்கும் ரெண்டு டாக்டர் சேந்து சொல்லணும். ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அவளுக்கு 19 வாரம் 6 நாள். நான் மே மாசம் எழுதுன தப்புக் கணக்குப்படி போயிருந்தா 21 வாரம் 6 நாள்னு எல்லா பேப்பர்லயும் இருந்திருக்கும், அந்தக் குடும்பம் இன்னும் எத்தன கதவு தட்டியிருக்கணுமோ.

குழந்தை கேரியர். ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. அம்மா அப்பா மாதிரியே. போன்ல சொன்னப்ப அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அப்புறம் மாமியார் சத்தமா அழுதாங்க, பயந்துட்டேன், சந்தோஷத்துல அழுதிருக்காங்க.

மீதி கர்ப்பம் பெருசா ஒண்ணும் இல்ல. கூடுதல் இரும்ப டாக்டரம்மா நிறுத்திட்டாங்க, வேகமா புது அணு செய்யுற உடம்புக்கு போலிக் ஆசிட் கூட வேணும்னு 5 மில்லிகிராம் குடுத்தாங்க. பெரிட்டின நடுவுல ஒருதடவ திரும்பப் பாத்தோம். 30ஆவது வாரம் 8.3 வரைக்கும் எறங்குச்சு, இந்தத் தடவ யாரும் பதறல, நீர்த்துப் போறது எவ்வளவு, தலசீமியா எவ்வளவுன்னு தெரிஞ்சுதான் இருந்தோம். ஏழாம் மாசம் வளைகாப்பு. டிசம்பர் 22ஆம் தேதி போனப்ப வலி வரலன்னு ஒரு எடத்துல மருந்து வச்சு வலி வரவைக்கலாம்னு சொன்னாங்க, பழைய தேதிய பாத்து 41 வாரம்னு நெனச்சிருக்காங்க. சிவப்பு மைல திருத்துன பக்கத்த எடுத்துக் காட்டி, ஜூன் ஸ்கேனையும் காட்டி, இன்னும் 39தான்னு சொன்னேன். நாலு நாள் கழிச்சு 26ஆம் தேதி விடியக்காலம் தானா வலி வந்து சுகப்பிரசவம், 2.7 கிலோ. ரத்தப்போக்கு கட்டுக்குள்ள இருந்துச்சு, எடுத்து வச்சிருந்த ரத்தத்த ஏத்த வேண்டி வரல.

இப்ப ரிஜிஸ்டர்ல தேதிக்குப் பக்கத்துல இருக்குற இடுக்குல பென்சிலால "எத்தன நாள் சுத்து"ன்னு எழுதிக்குறேன், மொதல் ரத்தச் சீட்டோட நம்பர் மூணையும் எழுதிக்குறேன். கட்டம் வரும்போது வரட்டும்.

பொங்கல் முடிஞ்சு ஒருநாள் மத்தியானம் அந்த மதினி சப்சென்டருக்கு வந்தாங்க, தனியா. முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்ட எடுத்து மேஜைல வச்சாங்க, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு டேப் போட்டு ஒட்டியிருந்துச்சு. 12 வருஷம் முன்னாடி அவங்க பையனுக்குப் போட்டது. ஹீமோகுளோபின் 3.8, மண்ணீரல் வீக்கம், கீழ இரும்பு டானிக் மூணு பாட்டில்னு இருந்துச்சு. "எனக்குப் படிக்கத் தெரியல நர்ஸம்மா, என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க"ன்னாங்க. படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன் வயித்துல இருக்கும்போது நான் பப்பாளி சாப்பிட்டேன், ரெண்டு தடவ. அதனாலன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்"ன்னாங்க. இல்லம்மா, பப்பாளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நீங்க எதுவும் செய்யலன்னேன். இன்னொரு தடவ சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். சீட்ட பழைய மடிப்புலயே மடிச்சு திரும்ப முந்தானைல முடிஞ்சுக்கிட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனாங்க.